மழையில் வருகிற காண்ட்ராக்டர்

மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தான் போட்ட கூரையைப் பார்க்க வருகிற காண்ட்ராக்டரை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

நான் கண்டேன். போன செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டு வாசலில்.

குடை இருந்தும் பாதி நனைந்திருந்தார். மடித்துக் கட்டிய முண்டு, கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டில். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். மூலைக்கு மூலை நகர்ந்து நின்று பார்த்தார். பிறகுதான் மனிதர்கள் இருப்பது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. பாட்டிலைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, "சாயா உண்டோ சேச்சி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

இவர்தான் குட்டப்பன். இந்த மனிதரோடு போன வருஷம் நான் போட்ட சண்டை எங்கள் சந்து முழுக்கக் கேட்டது. இந்த வாரம் அவருக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு மட்டுமல்ல... வரிசையாகச் சிலருக்கு.

எப்படி இப்படி ஆனது? சொல்கிறேன்.

எங்கள் குடும்பத் தொழில் துணி வெளுப்பது. இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன், சில வாசகர்கள், "அதையெல்லாம் ஏன் வெளியில் சொல்கிறீர்கள்?" என்று அக்கறையாகக் கடிதம் போட்டார்கள். ஏன் சொல்லக்கூடாது? கொச்சி மட்டாஞ்சேரியில் பாதி வீட்டு வெள்ளை வேட்டிகள் எங்கள் அப்பா அம்மா கையால் வெளுத்தவை. குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

அந்தச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, எங்கள் ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போடுவது என்று தீர்மானித்தேன். கொச்சங்காடியில் எங்கள் சந்தில் முதல் ஓட்டு வீடு! ஓடு வந்து இறங்கிய அன்று நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். யார் போனாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று ஆசை. கேட்டார்கள். நானும் சொன்னேன்... கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

வேலையை எடுத்துக்கொண்டவர் குட்டப்பன். ஊரில் எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். அவர் தன்னைக் காண்ட்ராக்டர் என்று சொல்லிக்கொள்வார். எங்களோடு பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம். மட்டாஞ்சேரியில் எங்கள் பேச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓட்டைத் தாங்கும் சட்டமெல்லாம் ஆஞ்சிலி மரம் என்று பேச்சு. ஆஞ்சிலி என்றால் இங்கே பலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கெட்டி, எவ்வளவு மழைக்கும் அசையாது. மரம் வந்தபோது கறுப்பாக எண்ணெய் பூசியே வந்தது. செல் அரிக்காமல் இருக்க, என்றார். சரி, நல்லதுதானே?

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. கையிலிருந்த முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம். வேலைக்காரர்களுக்கு முண்டும் சாப்பாடும் கொடுத்தோம். எல்லாம் முறைப்படி.

பிறகு வைகாசி நடுவில் வருகிற பெருமழை, இடவப்பாதி, பிறந்தது. எங்கள் ஊர் மழையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பெய்வதில்லை, குடியேறுகிறது.

முதல் மழையிலேயே சொட்ட ஆரம்பித்தது. சாதாரணச் சொட்டா? காப்பி டிகாஷன் மாதிரி, கருகருவென்று.

சொட்டினால் பாத்திரம் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்தோம். ஆனால் எங்கள் வீட்டில் கிடக்கிற துணிகளில் எங்களுடையது ரொம்பக் குறைச்சல். மற்றதெல்லாம் ஊரார் துணி. அதுவும் மழைக்காலத்தில் காய வைக்க இடமில்லாமல் வீடு முழுக்கத் துணிதான் குடியிருக்கும், நாங்கள் ஓரமாக ஒண்டிக்கொள்வோம். கறையோடு ஒரு துணி வெளியே போனால் அந்த வீட்டு மூட்டை அடுத்த வாரம் வராது. ஒரு வீடு நிறுத்தினால் அடுத்த வீடும் யோசிக்கும். என் டைப்ரைட்டர் ஒரு வயிற்றுக்குச் சோறு போடும். அப்பாவின் இஸ்திரிப் பெட்டிதான் குடும்பத்துக்குப் போடுகிறது.

அந்தக் கறுப்புச் சொட்டு வந்து விழுந்த இடம் எது தெரியுமா? யூதர் தெருவான ஜூ டவுனில் ரேச்சலம்மா வீட்டு மேஜை விரிப்பு. அவருடைய தாயார் கையால் ஓரம் பின்னிய வெள்ளை விரிப்பு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அதை விரித்துத்தான் அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள். வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து வைத்திருந்தோம். அதன் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.

அப்பா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் குட்டப்பனைத் தேடிப் போனேன். மழை பெய்யும்போது அவர் இடக்கொச்சியில் வேலையில் இருப்பார். மழை விட்டால் வருவார். வந்து, காய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கே சொட்டுகிறது என்பார். இது நாலைந்து தடவை நடந்தது. கடைசியில் ஒரு நாள் பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்த கறுப்புத் தண்ணீரைக் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். உடனே துடைத்துக்கொண்டார்.

"இது நிங்ஙளுடைய இஸ்திரிக் கரிதானே மோளே. நாள் முழுக்கக் கரி கத்திச்சா புகை எங்கே போகும்? மேலே போயி ஒட்டும். மழை அதைக் கழுவுது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஓலையிலே இருந்தவங்களுக்கு ஓட்டு வீடு பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும்" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே... அதற்குத்தான் நான் சண்டை போட்டேன். சொட்டுக்குக்கூட அவ்வளவு இல்லை.

எங்கள் கம்பெனிக்கு மேல் மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே உள்ள குமாஸ்தாவிடம் யோசனை கேட்டேன். சாட்சிப் பொருளை இருந்தது இருந்தபடி வைத்திரு, நாலு பேர் முன்னால் அவனிடம் காட்டு, மறுத்தால் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். சாட்சிப் பொருள்! அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிக் குட்டப்பனுக்குச் சொல்லியனுப்பினேன். அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்தேன். ரேச்சலம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர், வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வேறு ஒன்று விரித்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். விரிப்பைத் தொடாதே என்றும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினாள். நான் சொன்னதில் அவள் காதில் நின்றது வெள்ளிக்கிழமை என்ற ஒரு வார்த்தைதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை. ஆபீசில் டைப் அடித்த நேரமெல்லாம் மனசுக்குள் பேச வேண்டியதை அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குட்டப்பன் தன் ஆசாரியோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பாத்துத்தா வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் நடுவில் நின்று மூட்டையைப் பிரித்தேன். விரிப்பை எடுத்து, கோர்ட்டில் காட்டுவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

பால் மாதிரி இருந்தது.

திருப்பினேன். மறுபக்கமும் பால் மாதிரி இருந்தது.

"எவிடே மோளே கறை?" என்றார் குட்டப்பன்.

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்றாள்.

"தொடாதேன்னு சொன்னேனே அம்மா."

"தொடாம எப்படிடி கறை போவும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாத்துத்தா சிரித்தார். அப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். குட்டப்பன் சிரித்ததுதான் எல்லாவற்றையும்விடச் சத்தம். "கேஸ் தள்ளுபடியாயி, மோளே!"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேறு எந்தக் குடும்பத்திலாவது சாட்சியை வெள்ளாவி வைப்பார்களா? வக்கீலுக்கு வேண்டியது கறை. அம்மாவுக்கு வேண்டியது வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் நான்.

அப்போது அம்மா குட்டப்பனைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரலில் கேட்டாள். "மேஸ்திரி, மரத்துக்கு அடிச்சது என்ன எண்ணெய்? இஸ்திரிக் கரின்னா ஒரு சவுக்காரத்துல போயிருக்கும். இது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன், வெள்ளாவி வச்சேன், அப்பவும் லேசுல விடல. இன்ன எண்ணெய்னு தெரிஞ்சா அடுத்த தடவை சீக்கிரமா எடுத்துருவேன்."

அந்த 'அடுத்த தடவை'யில் சிரிப்பு நின்றது.

குட்டப்பன், நல்ல எண்ணெய்தான், செல் வராது என்று என்னவோ முணுமுணுத்தார். அதற்குள் பாத்துத்தா அம்மா பக்கத்தில் போய்விட்டார். "கை ஏன் ஒளிச்சு வச்சிருக்கே? காட்டு" என்று முந்தானையை விலக்கினார். அம்மா பின்வாங்கினாள். பாத்துத்தா விடவில்லை.

இரண்டு உள்ளங்கையும் கொப்பளம். விரலிடுக்கில் தோல் கறுத்து உரிந்திருந்தது.

"அண்டியெண்ண பொள்ளினதல்லே இது?" என்றார் பாத்துத்தா. "கொல்லத்திலே அண்டியாபீசுக்குப் போற என் நாத்தனார் கை இதே போலத்தான்."

அண்டியாபீஸ் என்றால் முந்திரித் தொழிற்சாலை; முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைத்தான் இங்கே அண்டியெண்ணெய் என்பார்கள். மரத்துக்கு அடிப்பது உண்டு. மெல்லிசாக அடித்து நன்றாகக் காயவிட்டால் தப்பில்லை. ஈரமாகக் கையில் பட்டால் தோலைத் தின்றுவிடும். கறையைத் தேய்த்ததில் மட்டும் வந்த புண்ணா அது? இல்லை. மழை வந்தபோதெல்லாம், நான் ஆபீசில் இருந்த நேரத்தில், அம்மா பெஞ்சு மேல் ஏறி நின்று சட்டங்களில் வழிந்ததைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால்தான் ஒரே ஒரு துணியோடு போயிற்று. மற்ற மூட்டைகள் எல்லாம் வெள்ளையாகவே வெளியே போனது எப்படி என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. கூரையைப் பார்த்துப் பார்த்தே என் கழுத்து வலித்தது; பக்கத்தில் சோறு போட்ட கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் தயார் செய்திருந்த பேச்சு முழுக்க மறந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன். "ஆஞ்சிலிப் பலகையில ஈரத்துணிய வச்சா மஞ்சளாத்தான் பிடிக்கும். எங்க வீட்டுல பொறந்த எல்லாருக்கும் இது தெரியும். அந்தக் கறையில கறுப்புக்குக் கீழ மஞ்சள் ஏன் இல்ல, காண்ட்ராக்டரே?"

அவரோடு வந்த ஆசாரிதான், யாரும் சொல்லாமலே பெஞ்சில் ஏறி, உளியால் ஒரு சட்டத்தைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் வெளிறின மரம் தெரிந்தது. "மாவாணு" என்றார். மாமரம்! அதுவும் பச்சை மரம். மழை ஈரத்தில் வளைந்து ஓடுகளை விலக்கியிருந்தது. ஆசாரி இறங்கி, தன் முதலாளி முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் குட்டப்பன் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. அந்த விரிப்பை மறுபடி கேட்டு வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவித் தேடினார்.

"எவிடயாயிருந்நு சேச்சி?"

அம்மா துணியில் கை படாமல் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினாள். அவர் அங்கேயும் பார்த்தார். ஒன்றும் இல்லை. விரிப்பை மடிக்கப் பார்த்தார். கோணலாக மடித்தார். பாத்துத்தா அதை அவரிடமிருந்து வாங்கி, அம்மா சொல்லச் சொல்லச் சரியாக மடித்தார்.

"ஞான் மாத்தித் தராம்" என்றார் குட்டப்பன். குடையைக்கூட எடுக்க மறந்து போய்விட்டார்.

நான் நம்பினேன் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மாடி ஏறி, நோட்டீஸ் தயார் செய்யுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்தால் எங்கள் வீட்டின் மேல் குட்டப்பன் உட்கார்ந்திருக்கிறார். கொட்டுகிற மழையில்! மழைக்காலத்தில் ஓட்டைப் பிரித்தால் வீடு குளமாகிவிடும் என்பதால், பின்னிய தென்னங்கீற்றுகளைக் கொண்டுவந்து ஓட்டின் மேல் வேய்ந்துகொண்டிருந்தார்.

ஆமாம். சந்தின் முதல் ஓட்டு வீடு... ஓட்டுக்கு மேல் ஓலையோடு. அந்த மழைக்காலம் முழுக்க நான் எங்கள் சந்தில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன். ஆனால் சொட்டவில்லை. ஒரு பொட்டுகூட.

கீழே இறங்கியவர் அம்மாவிடம் ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் கொடுத்தார். கைக்குத் தடவ. அப்பாவிடம் சாயா குடிக்கும்போது, என் காதுபடவே ஒன்று சொன்னார். ஓலையிலிருந்து ஓட்டுக்கு வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாராம். என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் பொய் இல்லையே? நான் தட்டிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விரிப்பு ஜூ டவுனுக்குப் போய்விட்டது. அதைக் கொண்டுபோனது அப்பா. நடந்ததையெல்லாம் சொல்லி, கறை இருந்த இடத்தையும் அவரே காட்டியிருக்கிறார். ரேச்சலம்மா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இல்லாத கறைக்கு எப்படிக் கோபப்படுவேன்?" என்றாராம். அதோடு விடவில்லை. அம்மாவின் கை ஆறும்வரை அவர் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் வைத்தே எல்லார் துணியையும் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். தேய்த்த துணிகளைப் பாத்துத்தா தன் வீட்டு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டார்; அவருடைய துணிகள் பெட்டிக்கு வெளியே கிடந்தன. எங்களுக்குத் துணி போடுகிற வீடுகளில் ஒன்றுகூட மூட்டையை நிறுத்தவில்லை. அம்மாவால் தண்ணீரில் கை வைக்க முடியாத அந்த நாட்களில், சில வீடுகளில் கனமான துணிகளைத் தாங்களே அலசிவிட்டுத்தான் கொடுத்தார்கள். வெளுக்கப் போடும் துணியைத் துவைத்துக் கொடுக்கிற ஊர் வேறு எங்காவது உண்டா?

ஐப்பசியில் பெய்கிற துலாமாத மழையும் ஓய்ந்த பிறகு குட்டப்பன் வந்தார். ஓலையை எடுத்தார், ஓட்டை இறக்கினார், மாமரச் சட்டங்களைக் கழற்றி வெளியே போட்டார். புது மரம் வண்டியில் வந்தது. அப்பா ஒரு வெள்ளைத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டையாக அதை அழுத்திப் பிடித்து, எடுத்துப் பார்த்தார். மஞ்சள். அடுத்தது... மஞ்சள். குட்டப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "டாக்டர் நாடி பிடிக்கிறது மாதிரி பிடிக்கிறாரே" என்றார். அப்பா கடைசிக் கட்டைவரை பிடித்துவிட்டுத்தான் தலையசைத்தார். எண்ணெய் பூசட்டுமா என்று கேட்டபோது அம்மா, "வேணாம் மேஸ்திரி, மரம் மரமாவே தெரியட்டும்" என்றாள்.

தயாராக இருந்த நோட்டீஸ் குமாஸ்தாவின் மேஜையிலேயே கிடந்து பழுப்பேறியது. அவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

என்னைக் கேட்டால், ஒருவர் தப்பு செய்துவிட்டார் என்று நிரூபிப்பது பெரிய காரியமில்லை. நிரூபித்த பிறகு அவர் நம் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரி ஒரு வழியை விட்டு வைப்பதுதான் பெரிய காரியம். நான் என் வேலையைத்தான் செய்தேன். வழியை விட்டு வைத்தது அம்மா, அதுவும் அவளுக்கே தெரியாமல், ஒரு விரிப்பை வெளுத்து.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இந்த வருஷத்து மழை தொடங்கியதிலிருந்து குட்டப்பன் இதோடு எத்தனையாவது தடவையோ வருகிறார். வந்ததும் கூரையைப் பார்ப்பார், தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை வைப்பார், சாயா குடிப்பார். "கை எங்ஙனெ உண்டு சேச்சி?" என்று தவறாமல் கேட்பார். அம்மாவும் தவறாமல் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "ஆறிடுச்சு மேஸ்திரி" என்பாள். அவர் உன்னிப்பாகப் பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த தடவையும் பாட்டிலோடுதான் வருவார்.

போதும் என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாருக்கும் அவசரமில்லை — பப்படம் இப்போது அந்த எண்ணெயில்தான் பொரிகிறது.